புட்வால்வு எழுதாத நாள்

ஜனவரி 3

எங்கள் பம்ப் கம்பெனியில் டீலர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய டைரிகளில் ஒன்று எனக்கும் வந்தது. அட்டையில் ஏழரை எச்.பி. மோட்டார் படம். டைரி எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் இன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். வீட்டில் இருக்கிற ஒரே ஆளிடம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் பிரச்சினையே அந்த ஆள்தான்.

என் வீட்டுக்காரர் தரணிதரன், கோவை ஸ்பின்னர்ஸ் அணியின் பாயின்ட் கார்டு. பெயரைக் கேட்டதும் கிரிக்கெட்டா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, கூடைப்பந்து. பந்தைக் கீழிருந்து கொண்டுவந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று சத்தம் போட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர்தான் பாயின்ட் கார்டு. எங்கள் உடுமலை கிரவுண்டில் நாங்கள் அதை கண்டக்டர் என்போம். நான் காலேஜில் மூன்று வருஷம் கண்டக்டராக ஆடியவள். ஆட்டத்தைத் தொடங்க நாங்கள் போடும் சத்தம் 'போலாம் ரைட்'. கண்டக்டர் சொன்னால் வண்டி கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் அர்த்தம். கல்யாணத்துக்கு முன்னால் இவர் உடுமலைக்கு ஒரு டோர்னமென்ட் ஆட வந்து, என்னைப் பார்த்தார், அந்தச் சத்தத்தையும் பிடித்துக்கொண்டார்.

இன்று கொச்சியுடன் ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், கடைசிப் பந்து இவர் கையில். பதற்றத்தில், யார் எங்கே ஓட வேண்டும் என்பதற்கு கோச் வைத்திருந்த நம்பரை மறந்துவிட்டு "போலாம் ரைட்!" என்று கத்திவிட்டார். எங்கள் சென்டர் ஜஸ்கரன் பஞ்சாப்காரன். ஆறடி ஒன்பது அங்குலம். 'ரைட்' என்று காதில் விழுந்ததும் வலது பக்கம் ஓடினான். இவர் இடது பக்கம் பாஸ் போட்டார். பந்து ஒரு போட்டோகிராபர் மடியில் போய் உட்கார்ந்தது.

தோற்றோம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று நிருபர் கேட்டதற்கு "தெரியலீங்க, வாயில வந்துருச்சு" என்று மட்டும் சொன்னார். என் பெயரை இழுக்கவில்லை.

ஜனவரி 4

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. போட்டோகிராபர் மடிக்கு ஒரு வட்டம் வேறு போட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே குழந்தைவேலு அண்ணனின் பேக்கரி. சாயங்காலமானால் அங்கே ஸ்பின்னர்ஸ் ரசிகர்கள் தேங்காய் பன்னும் டீயுமாக நின்று வாதாடுவார்கள். நான் பிரெட் வாங்க இறங்கியபோது படியிலேயே குரல் கேட்டது.

"ஏனுங், அஞ்சு பொசிசன்ல நாலு நல்லா இருக்குது. பாயின்ட் கார்டு ஒண்ணுதான் ஓட்டை. ஓட்டை வாளியில எவ்வளவு தண்ணி எறச்சாலும் நிக்குமா?" இது அண்ணன்.

"சூட்டிங்கே இல்லீங்ணா அவனுக்கு. பத்துப் போட்டா மூணு விழுகுது."

"அமெரிக்காவுல இருந்து ஒருத்தன எறக்கோணும்."

நான் உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் டீ ரொம்பச் சூடாகிவிட்டது, ஊதிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் மட்டும் சமாளித்தார். "வா அம்முணி. தரணி தம்பி சௌக்கியமா? தங்கமான மனுசன். ஆட்டம்ங்கறது வேற, மனுசன்ங்கறது வேற."

"பிரெட் ஒண்ணு குடுங்ணா" என்றேன். நேற்றைய பிரெட்டைக் கொடுத்துவிட்டார். மாற்றி வாங்கினேன்.

ஜனவரி 6

பேக்கரியில் பேசியது வெறும் பேச்சில்லை. நிர்வாகம் உண்மையாகவே ஒரு அமெரிக்கக்காரரைப் பார்த்திருக்கிறது. பெயர் டெஸ்மண்ட். பிப்ரவரி கடைசி வரைக்கும் ஆள் மாற்றலாம். அவர் வந்தால் அணியில் ஒரு இடம் காலியாக வேண்டும், அது யார் இடம் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன் இவர் பேங்க் வேலையை விட்டுவிட்டுத்தான் இந்த அணிக்கு வந்தார். அன்றைக்கும் "என்ன பண்ணட்டும் கோதை?" என்றுதான் கேட்டார். "போங்க" என்று சொன்னது நான்.

இவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். இன்றும் உழவர் சந்தையிலிருந்து போன். "வெண்டைக்கா நல்லா இருக்குது, வாங்கட்டுமா?" நுனியை ஒடித்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் வாங்குங்கள் என்றேன். ஒடிகிற சத்தத்தை போனிலேயே கேட்க வைத்தார். "இது ஓகேவா?"

ஜனவரி 8

கம்பெனியில் எனக்கு சர்வீஸ் புகார் பிரிவு. நாளெல்லாம் போன். "மோட்டார் ஓடுதுங்க, தண்ணி வரலீங்க, மோட்டாரை மாத்திக் குடுங்க." பாதிப் பேருக்கு மோட்டாரில் ஒன்றும் இருக்காது. கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வு அடைத்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் யாரும் அதைத் திட்டுவதில்லை.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பழைய ஆட்டங்களை போனில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு ஸ்பின்னர்ஸ் ரசிகர் குழுவில் புதுப் பெயரில் சேர்ந்தேன். என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கும்போது எதிரே போன் அடித்தது, பல்லடத்திலிருந்து ஒருவர், தண்ணீர் வரவில்லையாம். 'புட்வால்வு' என்றே வைத்துவிட்டேன். எழுதியது இது:

"எல்லோரும் பாயின்ட் கார்டுக்கு ஷூட்டிங் இல்லை என்கிறீர்கள். தண்ணீர் வராவிட்டால் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னால் கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். தரணிதரன் களத்தின் நடுவிலுள்ள பாதிக் கோட்டைத் தாண்டியதும் ஒவ்வொரு தடவையும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார். கோச் தலையாட்டிய பிறகுதான் ஆட்டம் சொல்கிறார். அதற்குள் எதிராளிகள் ஐந்து பேரும் அவரவர் இடத்தில் நின்றாகிவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தால்தான் வண்டி போகும். கண்டக்டரே டிரைவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றால்?"

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இது ஒன்றும் கட்டிய புருஷனைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. தெரிந்த ஒருத்தி தெரிந்ததைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

ஜனவரி 9

சாயங்காலம் பேக்கரியில் அண்ணன் போனைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "எவனோ வெசயம் தெரிஞ்சவன்டா." எனக்கு முட்டை பப்ஸ் வாங்கும் உத்தேசமே இல்லை. ரெண்டு வாங்கினேன்.

ஜனவரி 11

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் போனைப் பார்த்தபடி, "புட்வால்வுன்னு ஒருத்தன் எழுதியிருக்கறான், பாத்தியா?" என்றார்.

"நான் எங்க அதெல்லாம் பார்க்கறேன்?"

"கரெக்டா எழுதியிருக்கறான். நான் பெஞ்சைப் பாக்கறனாமா."

"பாக்கறீங்களா?"

"பாக்கறேன்னுதான் நெனைக்கறேன்." ஒரு வாய் சாப்பிட்டார். "உங்க கம்பெனி ஆளா இருக்குமோ? புட்வால்வுன்னு பேர் வெச்சிருக்கறானே."

"பம்ப் விக்கறவங்களுக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும்?"

"அதுதானே" என்றார். புரை ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். வெகுநேரம் இருமிக்கொண்டே இருந்தார், கண்ணிலெல்லாம் தண்ணீர். சட்னியில் காரம் கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும்.

ஜனவரி 16

பொங்கலுக்கு உடுமலை. அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் இவர் காரை நேராக கிரவுண்டுக்கு விட்டார். "சும்மா பாத்துட்டுப் போலாம்." நான் இறங்கவில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்து நான் ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தது யுனிவர்சிட்டி செமி ஃபைனலில். அதற்கப்புறம் எந்தக் களத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. வெயில் அதிகம், அதனால் காரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே காலேஜ் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். "போலாம் ரைட்" என்று ஒரு குரல் கேட்டது. கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டேன்.

ஜனவரி 17

ஜெயித்தோம்! ஹைதராபாத்தை, அதுவும் பதினொரு புள்ளியில். இவர் பெஞ்ச் பக்கம் திரும்பவே இல்லை. கோச் தாமஸ் சார் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிப் பார்த்தார், அப்புறம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என் பின் வரிசையில் இருந்த குழந்தைவேலு அண்ணன் "புட்வால்வு மாத்தியாச்சுடா!" என்று கத்த, கேலரியே அதைப் பிடித்துக்கொண்டது. புருஷனுக்கும் கைதட்டல், எனக்கும் கைதட்டல், ஆனால் எனக்குக் கிடைத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படி ஒரு சந்தோஷம் திருட்டு மாங்காயில்கூடக் கிடைத்ததில்லை.

ஜனவரி 20

புட்வால்வின் இரண்டாம் பதிவு. 'ரைட்' என்ற வார்த்தையை இந்த அணி மறந்துவிட வேண்டும், வெளியூர் ஆட்களுக்கு அது வலது பக்கம்தான், எண்களை மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினேன். என் ஊர் வார்த்தையை நானே தடை செய்தது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனால் இவர் இடம்தான் முக்கியம்.

ஜனவரி 25

மறுபடி ஜெயித்தோம். ஜஸ்கரன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பதினாலு சப்பாத்தி. "பாபிஜி, பஸ்" என்று தட்டை மூடினான். பாபிஜி என்றால் அண்ணி, பஸ் என்றால் போதும் என்று அர்த்தமாம். இவர் உடனே, "அட, பஸ்ஸுன்னதும் ஞாபகம் வருது. நாளைக்கு பிராக்டிஸ் இல்ல. வா, டவுன் பஸ்ல ஊர் சுத்திக் காட்டறேன்" என்றார்.

காந்திபுரத்திலிருந்து உக்கடம், உக்கடத்திலிருந்து காந்திபுரம். அதில் பார்க்க என்ன இருக்கிறது? ஆறடி ஒன்பது அங்குல ஆளை டவுன் பஸ்ஸில் ஏற்றினால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதுவும் லீக் நடுவில். கண்டக்டர் பக்கத்தில் நிற்க வைத்துக் கூட்டிப்போவாராம், நல்ல காற்று வருமாம். பொறுப்பில்லாத மனுஷன்.

ஜனவரி 31

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் நாள் சாயங்காலம் புட்வால்வு எழுதுகிறது. எதிரணி கார்டு எந்தக் கையால் பந்தைத் தட்டிக்கொண்டு வருவான், யார் களைத்தால் கீழே பார்ப்பான், எல்லாம். இவர் அடுத்த நாள் அதையே செய்கிறார். நான் எழுதியது களத்தில் அப்படியே நடக்கிறதைப் பார்க்கும்போது என் முழங்கால் எனக்கு நினைவிருப்பதில்லை.

பேக்கரியில் ஒரு கூத்து. புட்வால்வு யார் என்று கேட்கிறவர்களிடம் குழந்தைவேலு அண்ணன் "எனக்கெதுக்குங் அந்தப் பேச்சு" என்று சொல்லிவிட்டு மர்மமாகச் சிரிக்கிறாராம். இப்போது பாதிப் பேர் அவர்தான் என்று நம்புகிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நேற்று எனக்கு ஒரு தேங்காய் பன் இலவசமாகக் கொடுத்தார், கெத்து கூடியிருக்கிறது.

பிப்ரவரி 7

லூதியானாவில் ஆட்டம். படுதோல்வி. இவர் ஏழு தடவை பந்தைப் பறிகொடுத்தார். டிவியில் பார்க்கவே முடியவில்லை. பாதிக் கோட்டைத் தாண்டியதும் தயங்கித் தயங்கி நிற்கிறார். பெஞ்சைப் பார்க்கவில்லை, ஆனால் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

அங்கிருந்து போன் பண்ணினார்.

"நேத்து அந்தப் புட்வால்வு ஒண்ணுமே எழுதல, பாத்தியா?"

"எனக்கு எப்படித் தெரியும்? வெயில் ஆரம்பிச்சுருச்சு, புகார் மேல புகார், எனக்குச் சாப்பிடக்கூட நேரமில்ல."

"ஓ. அதனாலயா" என்றார். பிறகு அவசரமாக, "உனக்கு வேலை ஜாஸ்தியான்னு கேட்டேன்" என்றார்.

பிப்ரவரி 8

நேற்றைய ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். அவர் எதைத் தேடினார் என்று புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

முன்னால் கோச்சின் முகத்தைப் பார்த்தார். இப்போது புட்வால்வின் பதிவைப் பார்க்கிறார். பெஞ்ச்தான் மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை. நான் அடைப்பை எடுக்கவே இல்லை, அடைப்பாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். வெண்டைக்காய் விஷயத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேட்கிறவர் கேட்கிறார் என்று சொல்லிச் சொல்லி, சொல்கிற எனக்கும் அது பிடித்துப் போய்விட்டது.

பிப்ரவரி 13

டெஸ்மண்ட் வந்து இறங்கிவிட்டார். நல்ல மனிதராம், வந்ததும் கோச்சுக்கே கை கொடுத்துத் தோளில் தட்டினாராம். இவரும் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நிர்வாகம் வாய்விட்டே சொல்லிவிட்டது: 21-ஆம் தேதி ஜெய்ப்பூருடன் ஆட்டம், ஜெயித்தால் பிளே ஆஃப், இருக்கிற அணியே தொடரும். தோற்றால் டெஸ்மண்ட் கையெழுத்துப் போடுவார், தரணிதரனை விடுவித்துவிடுவார்கள். முப்பத்தொரு வயதில் விடுவித்த கார்டை எந்த அணியும் தேடி வராது. பேங்கும் திரும்பக் கூப்பிடாது.

இதை இவர் என்னிடம் சொல்லும்போது ஷூவுக்குப் புது லேஸ் கோத்துக்கொண்டிருந்தார். "வெள்ளை போடட்டுமா, கறுப்பு போடட்டுமா?" என்றார்.

பிப்ரவரி 15

தாமஸ் சார் ரசிகர் குழுவில் இங்கிலீஷில் ஒரு செய்தி போட்டிருக்கிறார். புட்வால்வு யாராக இருந்தாலும் தன்னை வந்து பார்க்க வேண்டுமாம், அணிக்கு அப்படி ஒரு ஆள் தேவையாம். நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்பதை எழுதப்போவதில்லை.

குழந்தைவேலு அண்ணன் இன்று முழுக்கக் கடையில் இல்லை. சளி பிடித்திருக்கிறதாம்.

பிப்ரவரி 19

ஜெய்ப்பூர் ஆட்டங்கள் மூன்றைப் பார்த்து முடித்தேன். அவர்கள் எங்கே இடம் விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாராவது ஒருவர் நகர்ந்தால் நான்கு பேரும் அந்தப் பக்கமே சேர்ந்து நகர்கிறார்கள். ஏமாற்றி ஒரு பக்கம் இழுத்துவிட்டால் மறுபக்கம் வெட்டவெளி. நாலு வரி எழுதினால் போதும். எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் டீ போட எழுந்தேன். டீ குடித்தேன். அழித்தேன்.

மறுபடி எழுதி மறுபடி அழித்தேன்.

பிப்ரவரி 20

இன்று சாயங்காலம் இவர் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்.

"உன்ற போன்ல சார்ஜ் இருக்குதா?"

"இருக்குது."

"நெட்டு ஸ்லோவோ?"

"நல்லாத்தான் வருது. உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "புட்வால்வுக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ" என்றார் ஜன்னலைப் பார்த்து.

நான் துணி மடித்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த நாலு வரியையும் துணியோடு சேர்த்து மடித்து வைத்தேன். நாளைக்குத் தோற்றால், நான் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார் என்று காலம் பூராவும் எனக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லி ஜெயித்தால், அடுத்த ஆட்டத்துக்கும் சொல்ல வேண்டும், அதற்கடுத்ததுக்கும். எனக்குப் பயமாக இருந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன், பயமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு எந்த டிராக் சூட்டு போடட்டும் கோதை? நீலமா, கறுப்பா?"

"நீங்களே பாருங்க" என்றேன்.

இவர் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் பதிலைச் சொன்னதே இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 21

நீலம் போட்டுக்கொண்டு போனார். கறுப்புதான் பொருத்தம்.

அரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள். நான் வழக்கமான மூன்றாவது வரிசை, பின்னால் குழந்தைவேலு அண்ணனும் பேக்கரிக் கூட்டமும். எதிர்ப்பக்கம் டெஸ்மண்ட் பளிச்சென்று வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார், மேலே ஸ்பின்னர்ஸ் துண்டு ஒன்றைப் போட்டு விட்டிருந்தார்கள். அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அவர் பொறுப்பில்லை.

முதல் பாதியில் இவர் தடவினார். ரெண்டு பந்தைப் பறிகொடுத்தார். "எறக்குங்க சார் அமெரிக்காக்காரன!" என்று மேலிருந்து யாரோ கத்த, குழந்தைவேலு அண்ணன் திரும்பி, "வாயை மூடுறா, வீட்டுக்காரம்மிணி உக்காந்திருக்குது" என்றார். அது இன்னும் அவமானமாக இருந்தது.

மூன்றாவது பகுதியில் கொஞ்சம் நிமிர்ந்தார். பெஞ்சைப் பார்க்கவில்லை. எண்களை மட்டும் சொன்னார். ஜஸ்கரன் வாங்கிப் போட்டான், வாங்கிப் போட்டான். ஆனால் ஜெய்ப்பூர் விடவில்லை. கடைசியில் கடிகாரம் ஓடி முடிகிற நேரம், ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், பந்து இவர் கையில். ஜனவரி மூன்றாம் தேதி மாதிரியே. கேலரியில் எல்லோருக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்கும்.

இவர் பாதிக் கோட்டைத் தாண்டினார். நின்றார். தலையைத் தூக்கினார்.

பெஞ்சைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். நேராக என்னை.

அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு முதலிலிருந்தே தெரியும். என்னிடம் நாலு வரி இருக்கிறது என்றும் தெரியும். இடது கையை லேசாகத் தூக்கினால் போதும், புரிந்துகொள்வார். என் கை மேலே கிளம்பியே விட்டது.

குனிந்தேன். செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டேன். அது ஏற்கெனவே ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது. கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். கண்ணில் நீர் கோத்து, செருப்பே தெரியவில்லை. பாருங்க, நீங்களே பாருங்க, நீங்களே பாருங்க என்று தரையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தக் குரல் கேட்டது. அரங்கமே அதிர்கிற மாதிரி, உடுமலை கிரவுண்டில் நான் போட்ட அதே சத்தம்:

"போலாம் ரைட்!"

ஐயோ என்றேன். வேண்டாம் என்று எழுதியிருந்தேனே. முடிந்தது. போட்டோகிராபர் மடிதான்.

அப்புறம் ஒரு சத்தம் எழுந்தது. அது எங்கிருந்து தொடங்கியது என்றே தெரியவில்லை. யாரோ என் முதுகில் ஓங்கி அறைந்தார்கள். நிமிர்ந்தபோது ஜஸ்கரன் கூடையின் வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தான், இடது பக்கத்தில். இவரை நாலு பேர் தூக்கி வைத்திருந்தார்கள்.

"என்னங்ணா ஆச்சு? என்ன நடந்துச்சு?" என்று பின்னால் திரும்பிக் கேட்டேன். கோவையில் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களில் அதைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

குழந்தைவேலு அண்ணன் அழுதுகொண்டே சொன்னார். "பாக்கலியா அம்முணி? தம்பி ரைட்டுன்னு கத்துனதும் ஜெய்ப்பூர்க்காரனுக நாலு பேரும் ஒட்டுக்கா வலது பக்கம் பாஞ்சுட்டானுக! ஜஸ்கரன் இக்கட்டால எடது பக்கம் ஒத்தையா ஓடறான், பந்து அவன் கைக்கு முன்னாடியே போய் நிக்குது! அந்தச் சனியன் புடிச்ச வீடியோவ அவனுகளும் பாத்திருக்கறானுகளே அம்முணி, ரைட்டுன்னா வலது பக்கம்னு நம்பிட்டானுக!"

பிப்ரவரி 22

காலையில் சண்டை.

"எப்பவிருந்து தெரியும்?"

"மொதல் பதிவிலிருந்து. கார்டைக் கண்டக்டர்னு உடுமலைக்காரங்களத் தவிர உலகத்துல எவன் சொல்றான்? அதுல பேரு வேற புட்வால்வு."

"தெரிஞ்சும் என்னைய எவனோ ஒருத்தன்னு சொல்லிட்டு இருந்தீங்களா?"

"நீ எவ்வளவு ஆசையா எழுதுனே! நிறுத்திருவியோன்னுதான் சொல்லல." என் முழங்காலைக் காட்டினார். "காலு போனதுக்கப்புறம் நீ ஆட்டத்தப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல கோதை. அதுல மட்டுந்தான் பேசுனே."

நான் வேறு பக்கம் பாய்ந்தேன். "ரைட்டுன்னு கத்தாதீங்கன்னு அவ்வளவு தெளிவா எழுதியிருந்தேனே. ஜஸ்கரன் மறுபடி வலது பக்கம் போயிருந்தா?"

"போமாட்டான். அவனை எதுக்கு டவுன் பஸ்ல கூட்டிட்டுப் போனேன்னு நெனைச்சே? கண்டக்டர் ரைட்டுன்னா வண்டி நேரா போகுது, எந்தப் பக்கமும் திரும்பலன்னு காந்திபுரத்துலயிருந்து உக்கடம் வரைக்கும் காட்டுனேன். அந்தச் சத்தம் கேட்டா நிக்கற எடது பக்கமே நேரா ஓடுன்னும் சொல்லி, ஒரு நாளைக்கு உதவும்னு வெச்சிருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பே."

உண்மைதான், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"நேத்து எதுக்கு என்னையப் பாத்தீங்க, எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தா?"

இவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "பழக்கம். நீ குனிஞ்சுட்டே. சரி, வண்டிய நாமதான் எடுக்கோணும்னு எடுத்தேன்." பிறகு சிரித்துவிட்டார். "செருப்பு வாரை மாட்டறதுக்கு அவ்வளவு நேரமா?"

தலையணையை எறிந்தேன். பிடித்துவிட்டார், பாயின்ட் கார்டு அல்லவா.

பிப்ரவரி 27

டெஸ்மண்ட் ஊருக்குக் கிளம்பினார். போகும்போது இவருக்குக் கை கொடுத்து, 'போலாம் ரைட்' என்று சொல்லிவிட்டுப் போனாராம். நிர்வாகம் இவருக்கு இன்னும் ஒரு சீசனுக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறது. பேக்கரியில் இப்போது விவாதம் வேறு: "பாயின்ட் கார்டெல்லாம் ஜம்முன்னு இருக்குதுங், சூட்டிங் கார்டுதான் ஓட்டை." நான் பிரெட் வாங்கும்போது யாரும் டீயை ஊதவில்லை.

குழந்தைவேலு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, தாமஸ் சாரைப் பார்க்கப் புட்வால்வு திங்கட்கிழமை போகப்போகிறது என்று சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்முணி, நான் வந்து, நான் எழுதுனேன்னு எங்கயும் சொல்லலீங்..." என்றார். "தெரியுங்ணா. நான்தான் போறேன்" என்றேன். வாயைத் திறந்தவர் மூடவில்லை. பிறகு ஒரு கேக் பெட்டியை எடுத்து, எதுவும் கேட்காமல் கட்டிக் கொடுத்தார்.

முழங்காலுக்கு ஒரு உறை வாங்க வேண்டும். ஷூவும்.

மார்ச் 1

இவர் உழவர் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். போன் வரவில்லை. சமையலறையில் பையை வைத்துவிட்டு, கை கட்டிக்கொண்டு நின்றார், நான் திறப்பதைப் பார்க்க.

வெண்டைக்காய். ஒரு கிலோ. ஒன்றை எடுத்து நுனியை வளைத்தேன். வளைந்துகொண்டே போனது. இன்னொன்று, அதுவும் அப்படியே. முழுப் பையும் முற்றல்.

"எப்படி?" என்றார்.

"நீங்களே பாத்து வாங்குனீங்களா?"

"நானேதான்."

குழம்பு வைத்தேன். நார் நாராக வந்தது, மென்று துப்ப வேண்டியிருந்தது. இவர் ஒன்றும் தெரியாத மாதிரி சாப்பிட்டார். எனக்கு இருந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.